ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு மதிப்புரை

எனக்கு மதிப்புரை எழுதத் தெரியாது.
நகல் எடுக்கத் தெரியும்.
பக்கத்துக்கு இரண்டு ரூபாய்,
பின்பக்கமும் வேண்டுமென்றால் மூன்று.

குன்னூர் நகராட்சியில்
பிறப்பு இறப்பு ஜன்னலுக்கு நேர் எதிரே என் கடை.
ஜன்னலுக்குள் பத்தொன்பது வருஷமாக
ரெஜினா ஞானப்பூ.
தலை நிமிராமல் சொல்வார்:
"இரண்டு நகல் எடுத்து வரவும்."
அழுதுகொண்டு என்னிடம் வருவார்கள்.
சில்லறை இல்லாமலும் வருவார்கள்.
என் மகள் பி.காம். முடித்தது
இந்த ஊர் செத்த காசில்.

அந்த அம்மாள் கவிதை எழுதுவார் என்று
யாருக்குத் தெரியும்?
முதல் தொகுப்பு, எண்பத்தெட்டுப் பக்கம்.
தலைப்பு: இரண்டு நகல் எடுத்து வரவும்.
எனக்குச் சேரவேண்டிய பங்கைப் பற்றி
உள்ளே ஒரு வார்த்தை இல்லை.

சிவகாசியில் அச்சான முந்நூறு பிரதி
மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறி வந்தது.
பர்லியார் தாண்டி மூன்றாவது வளைவில்
ஒரு குழந்தை மேல்கட்டில் வாந்தி எடுத்தது.
"முதல் விமர்சனம்" என்றார் ஞானப்பூ,
துடைத்துக்கொண்டே.

வெளியீடு, நூலக மாடியில்.
பனி ஜன்னல் வழியே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தது.
கரண்ட் போயிற்று.
வந்தவர்கள் பதினொரு பேர்.
அதில் நான்கு பேர் பேப்பர் படிக்க வந்து,
கீழே வாசலில் காட்டெருமை நின்றதால்
போக முடியாமல் இருந்தவர்கள்.
வாழ்த்திப் பேசிய ஓய்வுபெற்ற தாசில்தார்
"மரணத்துக்குப் பின்னும் நிற்கும் கவிதைகள்" என்றார்.
ஞானப்பூ எழுந்து திருத்தினார்:
"இருபத்தொரு நாளுக்குள் பதிந்தால்தான் சார்.
அதற்குமேல் தாமதக் கட்டணம்."

டீயில் சர்க்கரை தூக்கல்.
அது அருள்தாஸின் சர்க்கரை.
பக்கம் ஏழு படித்தால் புரியும்.

புருஷன் செத்த வாரம் ஞானப்பூ விடுப்பு.
ஜன்னலில் ஒரு தற்காலிகப் பையன்.
அருள்தாஸ் என்று சொன்னதை
இருள்தாஸ் என்று ஏற்றிவிட்டான்.
ஒரே எழுத்து.
திருத்தல் படிவம் அந்த அம்மாள் மேசையிலேயே இருக்கிறது,
இடப்பக்கம், மேல் இழுப்பறை.
எடுக்கவில்லை.
செத்தது இருள்தாஸ்.
அவன் யாரென்று தெரியாது, ஆனாலும் பாவம்,
டைகர் ஹில்லில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்
என்கிறது கவிதை.
அருள்தாஸ் ரேஷன் அட்டையில் இருக்கிறார்,
மாதம் அரைக் கிலோ.
வாக்காளர் பட்டியலில் இருக்கிறார்.
போன தேர்தலில் ஓட்டும் போட்டிருக்கிறார்,
மூச்சு இருந்தவரை
பூத் பக்கமே போகாத மனுஷன்.
சமர்ப்பணமும் அவருக்குத்தான்:
"பதிவேட்டின்படி நலமாயிருக்கும் என் கணவருக்கு."

சிரித்துச் சிரித்துத்தான் படித்தேன்,
நாற்பத்தோராம் பக்கம் வரும்வரை.
அங்கே நான்.
பேர் இல்லை, கட்டைவிரல் மட்டும்.
என் மிஷின் மூடி சரியாக அமராது,
தாளை அழுத்திப் பிடிக்கவேண்டும்,
எல்லா நகலிலும் ஓரத்தில் கறுப்பாய் ஒரு விரல் விழும்.
இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் சொன்னதில்லை.
ஞானப்பூ எழுதியிருக்கிறார்:
இந்த ஊரில் செத்த அத்தனை பேரையும்
ஒரே கட்டைவிரல்
அமுக்கிப் பிடித்திருக்கிறது,
எழுந்துவிடாதபடி.

அன்றைக்கே ஜன்னலுக்குப் போனேன்.
"இப்படி எழுதலாமா?"
தலை நிமிரவில்லை.
"ஆட்சேபனை இருந்தால் எழுத்தில்."
எழுதிக் கொண்டுபோனேன்.
முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.
என்ன சொல்லியிருப்பார் என்று
இந்நேரம் உங்களுக்கே தெரியும்.

விற்றது முப்பத்தாறு.
மிச்சத்தைப் பூஞ்சை படித்துக்கொண்டிருக்கிறது,
அட்டையில் தொடங்கி, ஒரு வரி விடாமல்.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து
மிஷின் ரிப்பேர்காரன் வந்தான்.
மூடிக்குக் கீல் மாற்றினால் போதும், அறுநூறு ரூபாய்,
விரலே விழாது என்றான்.
டீ வாங்கிக் கொடுத்து, ஒரு வர்க்கியும் கொடுத்து
திருப்பி அனுப்பிவிட்டேன்.
நாற்பத்தோராம் பக்கம் பொய்யாகிவிடும்.